கல வளர்ப்பில் விற்றமின்களும் கனியுப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் மனிதக் கலங்களையும் விலங்குக் கலங்களையும் வளர்க்கும் ஆய்வுகூடங்கள் அதிகமில்லை. அவற்றுள் ஒன்றில் பணிபுரிவதால், இறுதியாண்டு ஆய்வுக்கு வரும் மாணவர்கள், உயர்தர உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்கள், சில வேளைகளில் கையில் குளிசைப் போத்தலுடன் வீட்டுக்கு வரும் உறவினர்கள் என்று பலரும் ஒரே ஐயங்களையே என்னிடம் கேட்பதுண்டு. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கு தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னே வருகின்றன. ஒரு பதிலில் சொன்னதை மற்றொன்றில் திருப்பிச் சொல்லாமல், கேள்வியின் இலக்கத்தைக் குறித்திருக்கிறேன்.

1. விற்றமின் சாப்பிடுவது நாங்கள். கிண்ணத்தில் கிடக்கிற கலத்துக்கு அது எதற்கு?

நாம் உண்ணும் விற்றமின் தன் வேலையைச் செய்யும் இடம் கலத்தின் உட்புறமே. குளுக்கோசிலிருந்து சக்தியைப் பெறும் நொதியங்கள் தயமினையும் ரைபோபிளேவினையும் நிக்கொட்டினமைட்டையும் துணையாகக் கொண்டே இயங்குகின்றன, டி.என்.ஏ.யின் கட்டுமானப் பொருள்களை ஆக்குவதற்குப் போலிக் அமிலம் வேண்டும். கலம் உடலில் இருந்தாலும், 37 பாகை செல்சியசில் 5 சதவீதக் காபனீரொட்சைட்டு நிரம்பிய இன்கியூபேற்றரினுள் ஒரு பிளாஸ்திக் குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு இருந்தாலும், இந்தத் தேவை மாறுவதில்லை.

மாறுவது வழங்கல் முறை. உடலில் குடல் உறிஞ்சுகிறது, ஈரல் சேமிக்கிறது, சிறுநீரகம் மிகுந்ததை வெளியேற்றுகிறது. குடுவையிலோ ஊற்றிய ஊடகத்தில், அதாவது கலம் வளரும் சத்துக் கரைசலில், உள்ளது மட்டுமே உண்டு. கூடினால் குறைக்கவும் குறைந்தால் ஈடுசெய்யவும் வேறு உறுப்பு எதுவும் கிடையாது. பின்வரும் பதில்களிற் பல இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறப்பவை.

2. ஊடகத்தில் எல்லா விற்றமினும் இருக்கிறதா?

இல்லை. அமெரிக்க ஆய்வாளரான ஹரி ஈகிள் 1955ஆம் ஆண்டில், எலியின் கலங்களையும் ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்க் கலங்களையும் வைத்து, எந்தப் பொருளை நீக்கினால் கலம் வளராமற் போகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். அந்த வழியில் உருவாகி 1959இல் அவர் வெளியிட்ட ஊடகத்தில் எட்டுப் பொருள்களே விற்றமின் பட்டியலில் உள்ளன: தயமின், ரைபோபிளேவின், நிக்கொட்டினமைட்டு, பந்தோதெனேற்று, பிரிடொக்சல், போலிக் அமிலம், கோலின், இனோசிற்றோல். பெரும்பாலானவை இலீற்றருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருக்கின்றன. இன்று எங்கும் பயன்படும் டி.எம்.ஈ.எம். என்ற ஊடகத்தில் அதே எட்டும் ஏறத்தாழ நான்கு மடங்காக உள்ளன. ஆர்.பி.எம்.ஐ. 1640 என்ற ஊடகத்தில் பயோட்டினும் பி12உம் கூடுதலாக உண்டு.

இதற்கு எதிர்முனையில் இருப்பது 1950இல் வெளிவந்த 199 என்ற ஊடகம். ஏ, சீ, டீ, ஈ, கே உட்பட அறியப்பட்ட விற்றமின்களில் ஏறக்குறைய அனைத்தையும் அதில் சிறு சிறு அளவுகளில் சேர்த்திருந்தார்கள். ஈகிளின் கேள்வி, கலம் பிரிவதற்குக் குறைந்தபட்சம் எது போதும் என்பது. ஆகவே அவரது ஊடகத்தில் ஒரு கலம் நன்றாகப் பெருகுகிறது என்பதால், அது உடலில் நடந்துகொள்வதைப் போலவே அங்கும் நடந்துகொள்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

3. விற்றமின் சீ கூட இல்லையா? அப்படியென்றால் கலம் எப்படி உயிரோடு இருக்கிறது?

டி.எம்.ஈ.எம்., ஆர்.பி.எம்.ஐ. 1640 இரண்டிலும் விற்றமின் சீ கிடையாது. மனிதக் கலம் அதைத் தானாக ஆக்கவும் மாட்டாது; அதற்கான மரபணு நம்மில் பழுதடைந்த நிலையில் உள்ளது. இருந்தும் கலம் பிரிகிறது, ஏனெனில் பிரிதலுக்கு விற்றமின் சீ இன்றியமையாதது அன்று. இழப்பு வேறிடத்தில் தெரியும். கொலாஜன் இழைகள் உறுதியான மும்முறுக்காக அமைய, அவற்றிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தின்மீது ஐதரொட்சில் கூட்டம் சேர்க்கப்பட வேண்டும்; அதைச் செய்யும் நொதியத்துக்கு விற்றமின் சீ தேவை. ஆகவே என்பு, கசியிழையம், தோல் ஆகியவற்றின் கலங்களை வைத்துக் கொலாஜனை ஆராய விரும்புபவர் விற்றமின் சீயைத் தாமாகவே சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் அவர் ஆராய்வது ஸ்கேவி நோயுள்ள இழையத்தைத்தான்.

சேர்ப்பதிலும் ஒரு தொல்லை உண்டு. 37 பாகையில், ஒட்சிசன் உள்ள ஊடகத்தில், சாதாரண அஸ்கோர்பிக் அமிலம் சில மணித்தியாலங்களுக்குள் ஒட்சியேறிப் பயனற்றுப் போய்விடும். நாட்கணக்கில் நீளும் பரிசோதனைகளில் அஸ்கோர்பிக் அமிலத்தின் 2-பொசுபேற்று வடிவத்தைப் பயன்படுத்துவது இதனால்தான். அது தானாக ஒட்சியேறுவதில்லை. கலத்தின் நொதியம் பொசுபேற்றை வெட்டிய பின்னரே விற்றமின் விடுபடுகிறது.

4. கன்றின் சீரம் 10 சதவீதம் சேர்க்கிறோம். அதிலேயே எல்லாம் இருக்கும்தானே?

ஓரளவுக்கு இருக்கும். சீரம் என்பது குருதி உறைந்த பின் பிரியும் தெளிந்த திரவம். இரும்பைச் சுமக்கும் திரான்சுபெரின், நாகம் என்ற உலோகத்தைப் பிடித்துவைக்கும் அல்புமின், சிறிதளவு செலீனியம், கொழுப்பிற் கரையும் விற்றமின்கள் எல்லாம் அதனோடு வருகின்றன. ஆனால் பத்திலொரு பங்கு சீரம், பத்திலொரு பங்கு கனியுப்பையே தரும். மனிதக் குருதிச் சீரத்தில் நாகம் இலீற்றருக்கு 12 முதல் 16 மைக்ரோமோல் வரை இருக்க, நாகம் சேர்க்கப்படாத ஆர்.பி.எம்.ஐ. ஊடகத்தில் வளரும் கலத்துக்குக் கிடைப்பது அதில் ஒரு சிறு பகுதியே. சீரத்தின் அமைப்பும் தொகுதிக்குத் தொகுதி வேறுபடும்.

நம் நாட்டில் இதற்கு ஒரு பணப் பக்கமும் உண்டு. சீரம் உறைநிலையில் இறக்குமதியாகும் விலைமிக்க பொருள் என்பதால், கையிருப்பு குறையும்போது 10 சதவீதத்தை 5 ஆக்குவது வழக்கம். கலங்கள் தாக்குப்பிடிக்கும், ஆனால் இரும்பும் செலீனியமும் வளர்ச்சிக் காரணிகளும் ஒரே நாளில் பாதியாகிவிடும். பரிசோதனையின் நடுவில் இதைச் செய்வதைவிட அந்தப் பரிசோதனையைத் தள்ளிவைப்பது நல்லது.

5. கல்சியம் என்றால் என்புக்குத்தானே? தோல் கலத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கல்சியத்தின் கதை கல வளர்ப்பைவிடப் பழையது. 1880களின் தொடக்கத்தில் இலண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை உடலிலிருந்து எடுத்து உப்புக் கரைசலில் துடிக்கவைத்துக்கொண்டிருந்தார். கரைசல் காய்ச்சி வடித்த நீரில் ஆக்கப்பட்டது என்று அவர் நினைத்திருக்க, உண்மையில் அது குழாய்நீரில் ஆக்கப்பட்டிருந்தது. வடித்த நீருக்கு மாறியதும் இதயம் துடிப்பை இழந்தது. இலண்டன் குழாய்நீரிலிருந்த கல்சியமே அதுவரை அதை இயக்கி வந்திருந்தது. ஆய்வுகூடத்துக்கு அம்பத்தலையிலிருந்து வரும் குழாய்நீர் போதாதா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

தோலின் மேற்படைக் கலங்கள் கல்சியச் செறிவை ஒரு கட்டளையாகவே எடுத்துக்கொள்கின்றன. 1980இல் சுண்டெலித் தோற் கலங்களில் காட்டப்பட்டதன்படி, கல்சியம் 0.1 மில்லிமோலருக்குக் கீழே இருந்தால் அவை தொடர்ந்து பிரிகின்றன. அதற்கு மேலே உயர்த்தினால் பிரிவதை நிறுத்தி, ஒன்றோடொன்று ஒட்டி, அடுக்காகி, முதிர்கின்றன. டி.எம்.ஈ.எம். ஊடகத்தில் கல்சியம் 1.8 மில்லிமோலர். தோற் கலத்தை அதில் போட்டுவிட்டு ஏன் பெருகவில்லை என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒட்டுவதிலும் கல்சியத்துக்குப் பங்குண்டு. கலங்களைக் குடுவையிலிருந்து பெயர்க்கும்போது முதலில் கல்சியமற்ற கரைசலால் கழுவி, பின்னர் திரிப்சினுடன் ஈ.டி.ரி.ஏ. சேர்த்து ஊற்றுகிறோம். நுணுக்குக்காட்டியில் பார்த்தால், ஒன்றையொன்று பற்றித் தட்டையாகப் படர்ந்திருந்த கலங்கள் சில நிமிடங்களில் பிடிவிட்டு, ஓரம் ஒளிரும் உருண்டைகளாகிக் கழன்று மிதப்பது தெரியும். புரதத் தொடுப்புகளைத் திரிப்சின் வெட்டுகிறது; அந்தத் தொடுப்புகளை விறைப்பாக வைத்திருந்த கல்சியத்தை ஈ.டி.ரி.ஏ. பறித்துக்கொள்கிறது. கழுவாமல் ஊற்றினால் திரிப்சின் வேலைசெய்யவில்லை என்ற முறைப்பாடு வரும். பழுது திரிப்சினில் இல்லை. எஞ்சிய ஊடகத்தின் கல்சியமும் சீரமுமே காரணம்.

6. இரும்பும் நாகமும் செலீனியமும் நல்லவைதானே. கொஞ்சம் கூடப் போட்டால் என்ன?

மூன்றும் தேவை, மூன்றும் நஞ்சு. இடையிலுள்ள தூரம் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. டி.என்.ஏ.யின் கூறுகளை ஆக்கும் ஒரு நொதியத்துக்கு இரும்பு வேண்டும் என்பதால், இரும்பைப் பிடித்துக்கொள்ளும் மருந்தை இட்டால் கலம் பிரிவதை நிறுத்திவிடும். கட்டுப்பாடற்ற இரும்போ கலமென்சவ்வின் கொழுப்பை ஒட்சியேற்றிக் கலத்தைக் கொல்லும்; இந்த வகை மரணத்துக்குப் பெரொப்ரோசிஸ் என்று 2012இல் பெயர் சூட்டினார்கள். அதைத் தடுக்கும் நொதியங்களில் முதன்மையானது செலீனியத்தைக் கொண்டது. விற்றமின் ஈயும் அதைத் தடுக்கும்.

சீரமில்லாத ஊடகத்தில் செலீனியத்தைச் சோடியம் செலெனைற்றாக, வழக்கமாக மில்லிலீற்றருக்கு 5 நனோகிராம், அதாவது ஏறத்தாழ 30 நனோமோலர் அளவில் சேர்க்கிறார்கள். சில மைக்ரோமோலருக்கு ஏறினாலே பல கலவகைகள் இறக்கத் தொடங்கும். தராசில் ஒரு தசமப் புள்ளி தவறினால் போதும். நாகத்தின் எல்லையோ சீரத்தைப் பொறுத்தது. அல்புமின் நாகத்தைப் பிடித்துவைப்பதால், சீரமுள்ள ஊடகத்தில் கலம் பொறுத்துக்கொள்ளும் அளவே சீரமற்ற ஊடகத்தில் அதைக் கொன்றுவிடலாம். எனவே நாகத்தின் நச்சளவு இவ்வளவு என்ற வாக்கியத்தில் ஊடகமும் சீரமும் குறிப்பிடப்படாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை.

7. ஒரே கலம், ஒரே சோதனை, ஆனால் இரண்டு ஆய்வுகூடத்தில் இரண்டு முடிவு. யாரோ ஒருவர் பிழை விட்டிருக்க வேண்டும், இல்லையா?

இருவரும் சரியாகச் செய்திருக்கவும் கூடும். இதற்கு மருத்துவ மரபியலிலிருந்து ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. 1969இல் ஹேர்பட் லப்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள ஆண்களைக் கொண்ட ஒரு குடும்பத்தில், எக்ஸ் நிறமூர்த்தத்தின் நீண்ட புயத்தின் முனையருகே ஒடுங்கிய, உடைந்தாற்போன்ற ஓர் இடத்தைக் கண்டு வெளியிட்டார். இன்று பிரஜைல் எக்ஸ் (Fragile X) எனப்படும் அந்த நோயை நுணுக்குக்காட்டியில் காண வழி கிடைத்துவிட்டது என்றே தோன்றியது. ஆனால் அடுத்து வந்த ஆண்டுகளில் பல ஆய்வுகூடங்கள் தேடியும் அதைக் காணவில்லை.

விடையைக் கண்டவர் அவுஸ்திரேலியாவின் கிரான்ற் சதர்லண்ட். 1977இல் அவர் காட்டியபடி, அந்த உடைவு தோன்றுவதும் தோன்றாததும் வெண்குழியங்களை எந்த ஊடகத்தில் வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2ஆம் பதிலில் சொன்ன பழைய 199 ஊடகத்தில் அது தெரியும். புதிய, சத்து மிகுந்த ஊடகங்களில் மறைந்துவிடும். வேறுபாட்டின் மையம் போலிக் அமிலம் என்று பின்னர் தெளிவாயிற்று. 199 ஊடகத்தில் அது இலீற்றருக்கு 0.01 மில்லிகிராம், ஆர்.பி.எம்.ஐ. 1640இல் 1 மில்லிகிராம், அதாவது நூறு மடங்கு. போலிக் அமிலம் குறைந்தால் டி.என்.ஏ.யின் கூறான தைமிடினின் ஆக்கம் தடுமாறி, டி.என்.ஏ.யின் அந்தப் பகுதி இரட்டிப்பதில் சிக்கல் எழுகிறது. பலரும் ஊடகத்தை மேம்படுத்திக்கொண்டே போனதால் நோயின் அடையாளம் கண்ணுக்குத் தெரியாமற் போயிருந்தது.

மனிதக் குருதிச் சீரத்தில் போலேற்றின் அளவு வழக்கமாகப் பத்துகளில் எண்ணப்படும் நனோமோலரே. டி.எம்.ஈ.எம். ஊடகத்தில் அது ஏறத்தாழ 9,000 நனோமோலர். போலிக் அமிலம் கூடினால் என்னவாகும் என்று அந்த ஊடகத்தில் சோதிப்பவர், ஏற்கெனவே வெள்ளமாய் நிற்கும் வயலுக்கு நீர் பாய்ச்சுகிறார்.

8. விற்றமின் சீ போட்டால் புற்றுநோய்க் கலம் சாகிறதாமே. அப்படியென்றால் அம்மாவுக்கு நாளுக்குப் பத்துக் குளிசை கொடுக்கட்டுமா?

கிண்ணத்தில் சாகிறது என்பது உண்மை. எதனால் சாகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஊடகத்திலுள்ள இரும்பு போன்ற உலோக அயன்களின் முன்னிலையில் விற்றமின் சீ ஒட்சியேறும்போது ஐதரசன் பரவொட்சைட்டு உண்டாகிறது. சிங்கப்பூரில் பணியாற்றிய பரி ஹலிவெலின் குழுவினர் 2000, 2001ஆம் ஆண்டுகளில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள்: விற்றமினின் நச்சுத்தன்மை ஊடகத்துக்கு ஊடகம் மாறியது, அதற்குப் பின்னாலிருந்தது ஐதரசன் பரவொட்சைட்டு. தேயிலையிலுள்ள பொலிபீனோல்களும் ஊடகத்தில் இவ்வாறே பரவொட்சைட்டை உண்டாக்கும் என்று அவர்கள் காட்டியதை, இலங்கைத் தேயிலைச் சாற்றையும் மூலிகைச் சாறுகளையும் சோதிக்க விரும்பும் நம் மாணவர்கள் மனத்தில் வைத்திருப்பது நல்லது.

அடுத்தது அளவு. கலங்களைக் கொல்லப் பல பரிசோதனைகளில் 1 மில்லிமோலரும் அதற்கு மேலும் இடுகிறார்கள். நன்றாக உண்ணும் ஒருவரின் குருதியில் அது 50 முதல் 80 மைக்ரோமோலர் வரைதான். குளிசையை எவ்வளவு கூட்டினாலும் குடல் உறிஞ்சும் அளவுக்கு எல்லை உண்டு. மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றும். மில்லிமோலர் அளவை எட்ட நாளத்தினூடாக ஏற்ற வேண்டும். வாய்வழியாக நாளுக்கு 10 கிராம் கொடுத்து அமெரிக்காவின் மாயோ மருத்துவமனை 1979இலும் 1985இலும் வெளியிட்ட இரு ஒப்பீட்டுச் சோதனைகளில் புற்றுநோயாளருக்குப் பயன் எதுவும் காணப்படவில்லை. பெருமளவு விற்றமின் சீ சிறுநீரகக் கல்லுக்கும் வழி வகுக்கலாம். அம்மா எந்த மருத்துவரிடம் சிகிச்சை பெறுகிறாரோ அவரிடம் கேட்காமல் ஒரு குளிசையும் கூட்ட வேண்டாம்.

9. விற்றமின் சீ இட்ட கிணறுகளில் (வளர்ப்புத் தட்டின் சிறு குழிகளில்) கலங்கள் 120 சதவீதம் உயிரோடு இருப்பதாக எம்.ரி.ரி. சோதனை காட்டுகிறது. விற்றமின் கலத்தை வளர்க்கிறது என்று எழுதலாமா?

எழுதுவதற்கு முன் கலமே இல்லாத சில கிணறுகளில் ஊடகத்தையும் விற்றமினையும் மட்டும் இட்டு அதே சோதனையைச் செய்து பாருங்கள். எம்.ரி.ரி. என்பது மஞ்சள் நிறப் பொருள். உயிருள்ள கலம் அதைத் தாழ்த்தும்போது ஊதா நிறம் வருகிறது. தாழ்த்தும் ஆற்றல் கலத்துக்கு மட்டும் உரியதன்று. விற்றமின் சீயும் பல மூலிகைச் சாறுகளும் கலத்தின் உதவியின்றியே அந்த ஊதா நிறத்தைத் தரும். எம்.ரி.ரி. இடுவதற்கு முன் ஊடகத்தை அகற்றிக் கழுவுவதும், கலங்களை நேரடியாக எண்ணிப் பார்ப்பதும் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நடுநிலையாக்கப்படாத அஸ்கோர்பிக் அமிலக் கரைசலைக் கூடுதலாக இட்டால், அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் பீனோல் சிவப்பு கலந்த ஊடகம் உங்கள் கண்முன்னே செம்மஞ்சளாகிப் பின் மஞ்சளாகும். அப்போது கலம் எதிர்வினையாற்றுவது விற்றமினுக்கா அமிலத்துக்கா என்று பிரித்தறிய முடியாது. சோடியம் உப்பைப் பயன்படுத்துவது எளிய வழி.

10. ஊடகப் போத்தலை மேசையில் வைத்தால் என்ன? மூடித்தானே இருக்கிறது?

மூடி கிருமியைத் தடுக்கும், ஒளியைத் தடுக்காது. ரைபோபிளேவின் ஒளியை உறிஞ்சி, திரிப்தோபன் போன்ற அமினோ அமிலங்களோடு சேர்ந்து, ஐதரசன் பரவொட்சைட்டு உள்ளிட்ட நச்சுப் பொருள்களை உண்டாக்கும். யன்னலோர வெயிலிலோ குழல் விளக்கின் கீழோ நாள் முழுவதும் நின்ற போத்தல், பார்வைக்கு மாற்றமின்றியே கெட்டிருக்கலாம். இருட்டில், குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

11. விற்றமின் ஏ, டீ, ஈ நீரில் கரையாதே. எப்படிச் சேர்ப்பது?

எதனோலிலோ டி.எம்.எஸ்.ஓ.விலோ கரைத்து, மிகச் சிறு கனவளவாகச் சேர்ப்பார்கள். அதே அளவு கரைப்பான் மட்டும் இட்ட கிணறு ஒன்று கட்டாயம் வேண்டும். விற்றமின் டீயில் எந்த வடிவம் என்பதையும் குறிப்பிட வேண்டும்: கடையில் விற்கும் டீ3 பெரும்பாலான கலங்களில் அப்படியே செயற்படாது, ஈரலும் சிறுநீரகமும் மாற்றியமைத்த கல்சிற்றியோலே ஏற்பியில் (கலத்தில் அதை ஏற்கும் புரதத்தில்) வலுவாகப் பிணைவது. அதைப் பரிசோதனைகளில் 10 முதல் 100 நனோமோலர் வரை இடுகிறார்கள். குருதியில் அது ஏறத்தாழ 0.1 நனோமோலர்.

விற்றமின் ஈ கிண்ணத்தில் அளவுக்கு மீறிச் சிறப்பாகத் தோன்றுவதற்கு வளியும் ஒரு காரணம். இன்கியூபேற்றரில் ஒட்சிசன் 18 சதவீதத்துக்கு மேல். உடலின் பெரும்பாலான இழையங்களில் அதன் பாதிக்கும் குறைவு. கலங்களை ஒட்சிசனில் மூழ்கவைத்துவிட்டு ஒட்சியேற்ற எதிரியைக் கொடுத்தால் அது பயன் தரத்தான் செய்யும்.

12. அப்படியென்றால் கிண்ணத்தில் கண்டது எதுவும் நோயாளிக்கு உதவியதே இல்லையா?

உதவியிருக்கிறது, அதுவும் மிகப் பெரிய அளவில். விற்றமின் ஏயின் வழிப்பொருளான ரெற்றினோயிக் அமிலத்தை 1 மைக்ரோமோலர் அளவில் இட்டபோது எச்.எல்.-60 என்ற குருதிப் புற்றுநோய்க் கலங்கள் முதிர்ந்த வெண்குழியங்களைப் போல மாறுவதை 1980இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சீனாவின் சங்காய் நகரில் வாங் செனியியின் குழுவினர் இதே வகை அமிலத்தைத் தீவிர புரோமயலோசைற்றிக் லியுகேமியா நோயாளருக்குக் கொடுத்து, 1988இல் 24 நோயாளரின் முடிவுகளை வெளியிட்டார்கள். அனைவரிலும் நோய் தணிந்திருந்தது. இன்று அந்நோய்க்கான அடிப்படைச் சிகிச்சையில் அது இடம்பெறுகிறது. 8ஆம் பதிலிலுள்ள கதையிலிருந்து இது வேறுபடும் இடம் இரண்டு: தேவையான செறிவை வாய்வழி மருந்தாலேயே குருதியில் எட்ட முடிந்தது, அமிலம் பிணையும் ஏற்பியே அந்நோயில் பழுதுபட்டிருந்தது.

13. என் ஆய்வுக்கு எந்தச் செறிவை எடுப்பது?

மனிதக் குருதியில் அந்தப் பொருள் எவ்வளவு என்பதிலிருந்து தொடங்குங்கள். அதற்குக் கீழே ஒன்றிரண்டு, மேலே சில என்று எடுங்கள். மில்லிகிராமையும் மோலரையும் கலக்காதீர்கள்: விற்றமின் சீயில் 1 மில்லிமோலர் என்பது இலீற்றருக்கு 176 மில்லிகிராம். உங்கள் ஊடகத்தில் அது ஏற்கெனவே எவ்வளவு உள்ளது என்பதை உற்பத்தியாளரின் அட்டவணையில் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். பற்றாக்குறையை ஆராய்வதானால் அப்பொருள் நீக்கப்பட்ட ஊடகத்தையும், சிறு மூலக்கூறுகள் பிரித்தெடுக்கப்பட்ட சீரத்தையும் வாங்க வேண்டிவரும். செலவைத் தொடக்கத்திலேயே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுவது நல்லது. மனிதக் குருதியின் அமைப்பை ஒத்த ஊடகங்களும் 2017 முதல் வெளிவந்துள்ளன.

14. அறிக்கையில் ஊடகம் டி.எம்.ஈ.எம். என்று எழுதினால் போதாதா?

போதாது. அந்தப் பெயரில் பல கலவைகள் விற்பனையாகின்றன. சிலவற்றில் சோடியம் பைரூவேற்று 1 மில்லிமோலர் உண்டு, சிலவற்றில் இல்லை. பைரூவேற்று ஐதரசன் பரவொட்சைட்டோடு வினைபுரிந்து அதை அழித்துவிடும். எனவே 8ஆம் பதிலில் சொன்ன விற்றமின் சீ பரிசோதனை, ஒரு போத்தலில் கலங்களைக் கொன்று மற்றொரு போத்தலில் ஒன்றும் செய்யாமற் போகலாம், இரண்டு போத்தலிலும் டி.எம்.ஈ.எம். என்றே எழுதியிருந்தாலும். உற்பத்தியாளரின் பட்டியல் இலக்கம், சீரத்தின் சதவீதமும் தொகுதி இலக்கமும், சேர்த்த விற்றமினின் இரசாயன வடிவம், கரைப்பான், ஊடகத்தை எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றினீர்கள் என்பவற்றை எழுதுங்கள். ஐதரசன் பரவொட்சைட்டைச் சிதைக்கும் கற்றலேஸ் நொதியம் இட்ட கட்டுப்பாட்டுக் கிணறுகள் இருந்தால் அவற்றின் முடிவையும் அதே அட்டவணையில் சேர்த்துவிடுங்கள். பரீட்சகர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.